மூன்று முறை கேஸ் நிரப்பியும் குளிராத ஏசி: ஒரு வேளச்சேரி வீட்டின் நிகழ்வு ஆய்வு

2024 மே, கத்திரி வெயில் நடுவில் ஒரு நாள் காலை போன் வந்தது. வேளச்சேரியில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மேல்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை பேசினார். "தம்பி, ஏசில மறுபடியும் கேஸ் போயிடுச்சு. வரும்போது சிலிண்டரோட வந்துடுங்க, ரெண்டு தடவ அலைய வேண்டாம்."

இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். கோடைக்காலத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இந்த வாக்கியத்தில்தான் தொடங்கும். குளிரவில்லை என்றால் கேஸ் இல்லை என்று அர்த்தம் என வீட்டுக்காரர்களை நம்பவைத்தது எங்கள் தொழில்தான். ஆர்-22 என்ற பழைய ஏசி கேஸ் ஓடிய காலத்தில் நானும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பியிருக்கிறேன். அதனால்தான் இந்த ஒரு வீட்டில் நடந்ததை அளவுகளோடு முழுதாக எழுதிவைக்க நினைத்தேன்.

1.5 டன் இன்வெர்ட்டர் (தேவைக்கு ஏற்ப கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை) ஸ்பிளிட் ஏசி, ஆர்-32 கேஸ், 2022 மேயில் மாட்டியது. படுக்கையறை 12க்கு 11 அடி. தலைக்கு மேல் மொட்டை மாடி, ஒரு சுவர் மேற்குப் பார்த்தது. அவுட்டோர் யூனிட் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன யூட்டிலிட்டி பால்கனியில் நிற்கிறது. முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. 2023 ஏப்ரலில் குளிர்ச்சி போதவில்லை என்று ஒருவரைக் கூப்பிட்டார்கள், கேஸ் நிரப்பினார். ஜூனில் இன்னொருவர் வந்து நிரப்பினார். 2024 ஏப்ரலில் மூன்றாவது முறை. இந்த மூன்று தடவைக்கும் சேர்த்து 8,600 ரூபாய். ஒரு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் அதே கதை.

இந்த விவரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், டீச்சர் கணக்கு எழுதுகிறவர். நீளவாக்கில் நாலாக மடித்த ஒரு பழைய கணக்கு நோட்டு. பால், பேப்பர், கரண்ட் யூனிட், மேஸ்திரிக்குக் கொடுத்தது என எல்லாம் நீல மையில், தேதியோடு. நான் அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து முதலில் கேட்டது அந்த நோட்டைத்தான். மெஷினை அப்புறம்தான் பார்த்தேன்.

கேஸ் எங்கே போகும்?

சிலிண்டரைத் திறப்பதற்கு முன்னால் டீச்சரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "உங்க வீட்டு ஃபிரிட்ஜுக்கு எத்தன வருஷமாச்சு டீச்சர்?" பதினாலு வருஷம் என்றார். "அதுல எத்தன தடவ கேஸ் போட்டீங்க?" ஒரு தடவைகூட இல்லை. இரண்டும் ஒரே தத்துவத்தில் ஓடும் மெஷின் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. அறிவியல் டீச்சர் ஆயிற்றே, மீதியை நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கேஸ் என்பது பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது. பத்து வருஷம் ஓடினாலும் போட்ட அளவு அப்படியே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைத் தேடாமல் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்ளுகிற வேலை. இந்த வீட்டுக்கு வந்த மூன்று பேரில் ஒருவரும் லீக் தேடவில்லை. எத்தனை கிராம் போட்டோம் என்று பில்லில் எழுதவும் இல்லை. தராசு கொண்டுவந்தார்களா என்று கேட்டேன். "தராசா? அது எதுக்கு தம்பி?" என்றார் சார், டீச்சரின் கணவர்.

மெஷின் செய்யும் வேலை

இதைச் சொல்லாமல் மேலே போனால் பின்னால் வரும் எண்கள் புரியாது. மண்பானையில் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையின் மேலே கசியும் ஈரம் ஆவியாகிறது. ஆவியாக வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஊசி போடும் முன் நர்ஸ் ஸ்பிரிட் தடவும்போது கை சில்லிடுவதும் இதனால்தான். ஏசியும் ஒரு பானைதான். பானையில் ஆவியானது காற்றோடு போய்விடும். ஏசி அந்த ஆவியைப் பிடித்துவைத்து, திரும்பத் திரவமாக்கி, திரும்ப ஆவியாக விடுகிறது.

அறைக்குள் சுவரில் இருக்கும் இண்டோர் யூனிட்டின் காயிலுக்குள், அதாவது வளைந்து வளைந்து ஓடும் செம்புக் குழாய்க்குள், ஆர்-32 கொதிக்கிறது. கொதிக்கிறது என்றதும் சூடு என்று நினைத்துவிடக் கூடாது. திறந்த வெளியில் ஆர்-32 கொதிப்பது பூஜ்யத்துக்குக் கீழே 52 டிகிரியில். காயிலுக்குள் சுமார் 128 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்தில் இத்தனை பவுண்டு அழுத்தம் என்ற அளவு) பிரஷரில் வைத்திருந்தால் 6 டிகிரியில் கொதிக்கும். 27 டிகிரி அறைக்காற்று 6 டிகிரி காயிலைத் தடவிப் போகும்போது தன் சூட்டை அதனிடம் கொடுத்துவிடுகிறது. ஆவியான கேஸை அவுட்டோரில் இருக்கும் கம்ப்ரஸர் இழுத்து அழுத்துகிறது. வெளியே 38 டிகிரி வெயில் இருந்தால், கேஸ் அதைவிடச் சூடாக இருந்தால்தான் தன் சூட்டை வெளிக்காற்றில் இறக்க முடியும். அதனால் 440 பிஎஸ்ஐ வரை அழுத்தி, 50 டிகிரி அளவில் திரவமாக்குகிறது மெஷின். அவுட்டோர் ஃபேனிலிருந்து முகத்தில் அடிக்கும் அந்த அனல், கொஞ்ச நேரம் முன்பு படுக்கையறையில் இருந்த சூடு. அப்புறம் எக்ஸ்பான்ஷன் வால்வில் பிரஷர் சட்டென்று இறங்கி, குளிர்ந்த கலவையாக மறுபடி உள்ளே போகிறது. சில மாடல்களில் வால்வுக்குப் பதில் மெல்லிய கேப்பிலரிக் குழாய் இருக்கும். வேலை ஒன்றுதான்.

ஒரு சின்னக் கணக்கு. 1.5 டன் மெஷின் முழு வேகத்தில் ஓடும்போது விநாடிக்கு ஏறக்குறைய 20 கிராம் கேஸ் சுற்றுகிறது. இந்த மெஷினின் பெயர்ப்பலகையில் இருந்த அளவு 800 கிராம். அதாவது இருப்பதெல்லாம் சுமார் 40 விநாடிக்கு ஒருமுறை முழுச் சுற்று போய்வருகிறது. ஒரு தேங்காய் எடை அளவுள்ள பொருள் ஓர் அறையின் சூட்டையெல்லாம் இரவு முழுக்கச் சுமந்துகொண்டு போய்க் கொட்டிவிட்டு வருவது எனக்கு இன்றும் வியப்புதான்.

டன் என்ற சொல்லைப் பலர் மெஷினின் எடை என்று நினைக்கிறார்கள். 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகினால் எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அந்த வேகம்தான் ஒரு டன். கிலோவாட்டில் 3.5. குளிர்ச்சியைப் பனிக்கட்டியாக விற்ற காலத்தின் மிச்சம் இந்த அளவு. மெரினாவில் விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை வைக்கக் கட்டியதுதான். 

இதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது: உள்ளே அள்ளிய சூடு 5 கிலோவாட் என்றால், கம்ப்ரஸர் தின்ற மின்சாரமும் சூடாகச் சேர்ந்து, வெளியே கொட்ட வேண்டியது 6.5 கிலோவாட் வரை போகும். ஏசியின் பாதி வாழ்க்கை வெளியில்தான். ஆனால் வீட்டுக்காரரும் மெக்கானிக்கும் உள்ளேயே பார்த்துக்கொண்டிருப்போம்.

நோட்டும் வாளியும்

டீச்சர் சொன்னவற்றில் மூன்று விஷயம் என்னை நிறுத்தியது.

"ஒவ்வொரு தடவையும் அந்தப் பசங்க இருக்கற வரைக்கும் நல்லாத்தான் தம்பி குளிருது. கைய வெச்சுப் பாருங்கம்மான்னு காட்டிட்டுத்தான் போவாங்க. அவங்க போய் ஒரு மணி நேரத்துல பழையபடி ஆயிடும்." இது முதலாவது. கேஸ் போட்டு ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும் அளவுக்கு லீக் இருந்தால், புஸ்ஸென்று சத்தமே கேட்கும்.

இரண்டாவது, மார்கழியிலும் தையிலும் ஏசி ஒழுங்காகவே ஓடியிருக்கிறது. அப்போது யாரும் கேஸ் போடவில்லை. ஓட்டை குளிர்காலத்தில் தானாக அடைபட்டு, சித்திரையில் மறுபடி திறந்துகொள்ளாது.

மூன்றாவது அந்த வாளி. இண்டோரிலிருந்து வரும் டிரெய்ன் பைப்பின் அடியில் டீச்சர் ஒரு நீல வாளி வைத்திருக்கிறார். அந்தத் தண்ணீரில்தான் தினமும் வீடு துடைப்பது. "முன்னெல்லாம் காலைல எழுந்து பார்த்தா முக்கா வாளி இருக்கும். இப்ப அடியில கொஞ்சம் கெடக்கு, பாருங்க." சென்னைக் காற்றில் ஈரம் அதிகம். காயில் போதுமான அளவு குளிர்ந்தால் அந்த ஈரம் ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்பக்கம் வேர்ப்பதுபோல் காயிலில் படிந்து சொட்டும். வாளி நிறையவில்லை என்றால் காயில் குளிரவில்லை. ஒரு தெர்மாமீட்டரும் இல்லாமல் டீச்சர் ஒரு வருஷமாக அளந்துகொண்டிருந்திருக்கிறார்.

ஈரத்தை எடுப்பது ஏதோ உபரி வேலை என்று நினைக்க வேண்டாம். 1902ல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வடிவமைத்த முதல் இயந்திரமே ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தத்தான். ஈரத்தில் காகிதம் உப்பி, ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் சரியாக உட்காராமல் போனது அங்கே பிரச்சினை. நம் ஊரில் 27 டிகிரியிலும் உடம்பு கசகசக்காமல் தூங்க முடிவது ஈரம் போவதால்தான்.

சரி, யூட்டிலிட்டி பால்கனிக்குப் போனேன். அவுட்டோர் யூனிட்டே கண்ணில் படவில்லை. பால்கனித் திறப்பு முழுவதும், 5 அடி அகலத்துக்கு, அலுமினிய லூவர் கதவு. சாய்வுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கமாக, விரல் நுழையும் இடைவெளியோடு. கதவுக்குப் பின்னால் அரை அடி தள்ளி யூனிட். "இது எப்ப போட்டீங்க சார்?"

சாருக்கு நினைவில்லை. நோட்டுக்கு நினைவிருந்தது. 2023 ஜனவரி, அலுமினியக் கதவு, 11,500 ரூபாய். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் அடித்தபோது பால்கனிக்குள் சாரல் வந்து வாஷிங் மெஷின் நனைந்திருக்கிறது. புறாத் தொல்லை வேறு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழி என்று கதவு போட்டுவிட்டார். கதவு வந்த பிறகு வந்த முதல் கோடையில் முதல் கேஸ்.

ஆள் இருக்கும்வரை மட்டும் ஏன் குளிர்ந்தது என்பதற்கும் பதில் அங்கேயே இருந்தது. கேஸ் நிரப்ப வந்தவர்கள் வால்வை எட்ட வேண்டுமென்றால் லூவர் கதவைத் திறந்தாக வேண்டும். திறந்திருந்த நேரம் முழுக்க ஏசி குளிர்ந்தது. வேலை முடித்துக் கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பினார்கள்.

அளந்து பார்த்தது

சந்தேகம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அளக்காமல் பேசக்கூடாது. கதவைச் சாத்தியபடியே முக்கால் மணி நேரம் மெஷினை ஓடவிட்டேன். நேரம் பிற்பகல் இரண்டரை. வெளியே நிழலில் 38 டிகிரி. லூவருக்குப் பின்னால், அவுட்டோர் காயிலுக்குள் நுழையும் காற்றில் சென்சாரை வைத்தேன்: 51 டிகிரி. ஃபேன் எறியும் அனல் பட்டைகளில் மோதித் திரும்பி, காயிலின் பின்பக்கம் போய் மறுபடி உள்ளே நுழைகிறது. தான் கக்கியதையே மெஷின் திரும்ப மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தது.

உள்ளே, இண்டோருக்குள் நுழையும் காற்று 31 டிகிரி, வெளியே வரும் காற்று 24. வித்தியாசம் வெறும் 7. நல்ல மெஷினில் 10க்கு மேல் இருக்க வேண்டும். கிளாம்ப் மீட்டரில் 4.1 ஆம்ப்ஸ். அறை 31 டிகிரியில் கொதிக்கும்போது இன்வெர்ட்டர் முழு வேகத்தில், 7 ஆம்ப்ஸ் பக்கம் இழுக்க வேண்டும். இது பாதியில் தவழ்கிறது.

ஏன் தவழ்கிறது? 51 டிகிரி காற்றில் சூட்டைக் கொட்ட வேண்டுமானால் கேஸ் 60 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஆர்-32க்கு அந்தச் சூட்டில் பிரஷர் 550 பிஎஸ்ஐக்கு மேல். கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் கேஸ் மற்ற கேஸ்களைவிட ஆர்-32இல் இயல்பாகவே அதிகம் சூடாகும். மெஷினின் போர்டு இதையெல்லாம் சென்சாரில் கவனித்துக்கொண்டே இருக்கும். எல்லை நெருங்கினால் கம்ப்ரஸர் எரிந்துபோகாமல் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும். பழைய ஏசியாக இருந்திருந்தால் கட்டாகி நின்றிருக்கும். யாராவது காரணம் தேடியிருப்பார்கள். இன்வெர்ட்டர் நிற்காமல் மெல்ல ஓடுவதால் ‘ஓடுது, ஆனா குளிரல’ என்றாகிவிடுகிறது. அந்த இடத்தில்தான் கேஸ் சிலிண்டர் உள்ளே நுழைகிறது.

இண்டோரின் மூடியைத் திறந்து, காயிலின் ஓரத்தில் வரிசையாகத் தெரியும் செம்பு வளைவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். கேஸ் குறைந்த மெஷினில் முதல் இரண்டு மூன்று வளைவுகள் பனி பிடித்து, மீதி வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி, குடிதண்ணீர்ப் பைப்பின் குளுமை. இது கேஸ் குறைவின் அடையாளம் இல்லை.

அப்புறம்தான் பிரஷர் காட்டும் கேஜை மாட்டினேன். சக்‌ஷன் பக்கம், அதாவது கம்ப்ரஸர் கேஸை உள்ளிழுக்கும் பக்கம், 168 பிஎஸ்ஐ. அதாவது காயிலில் கேஸ் கொதிப்பது 14 டிகிரிக்கு மேல். வாளி ஏன் நிறையவில்லை என்பதற்கு இந்த ஓர் எண் போதும். கேஜ் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆர்-22 மெஷினில் 60, 65 பிஎஸ்ஐ வந்தால் சரி என்று எங்களுக்குக் கையில் பழகிவிட்டது. இன்வெர்ட்டரில் கம்ப்ரஸர் வேகம் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும், பிரஷரும் கூடவே மாறும். அதனால் கேஜை மட்டும் பார்த்து கேஸ் கூடவா குறைவா என்று சொல்லவே முடியாது. நிறுத்திவைத்துப் பார்க்கும் பிரஷரும் உதவாது. உள்ளே துளி திரவம் இருக்கும்வரை, 300 கிராம் இருந்தாலும் 1,000 கிராம் இருந்தாலும், அன்றைய வெயிலுக்கு ஏற்ற அதே பிரஷர்தான் காட்டும். தராசு ஒன்றுதான் உண்மை பேசும்.

இப்போது லூவர் கதவை அகலத் திறந்தேன். பத்து நிமிஷத்தில் அவுட்டோருக்குள் நுழையும் காற்று 40 டிகிரிக்கு இறங்கியது. இருபது நிமிஷத்தில் இண்டோர் காற்று 24லிருந்து 19. ஒரு கிராம் கேஸ் தொடவில்லை. டீச்சர் ஃபிளாப் முன்னால் கையை நீட்டியபடி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அப்ப அந்த மூணு தடவையும்..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

உள்ளே எவ்வளவு இருந்தது?

19 டிகிரியும் போதாது. மூன்று முறை நிரப்பியது உள்ளேதான் இருக்க வேண்டும் என்று தோன்றியது. ரிகவரி மெஷினை வைத்து முழுக் கேஸையும் காலி சிலிண்டருக்கு மாற்றி எடை போட்டேன். 1,130 கிராம். பெயர்ப்பலகை சொன்னது 800. அதாவது 330 கிராம் கூடுதல். லீக்கே இல்லாத மெஷினில் மூன்று தவணையாக ஏற்றியது. கூடுதல் கேஸ் எங்கே தங்கும்? அவுட்டோர் காயிலின் கடைசிக் குழாய்களில் திரவமாகத் தேங்கும். சூட்டைக் கொட்ட வேண்டிய இடத்தையே அது அடைத்துக்கொள்ளும். ஏற்கெனவே மூச்சு முட்டிய மெஷினின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி.

கேஸை வெளியே திறந்துவிட்டுப் புதிதாக நிரப்பினால் எனக்கு ஒரு மணி நேரம் மிச்சம். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஆர்-32 ஓசோனைத் தொடாது, உண்மைதான். ஆனால் கார்பன் டை ஆக்சைடைவிட 675 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. 800 கிராம் என்றால் 540 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் விட்டதற்குச் சமம். தவிர, ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் வகை. சமையலறையை ஒட்டிய பால்கனியில் திறந்துவிடுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

லீக் இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். உலர் நைட்ரஜனை 400 பிஎஸ்ஐ வரை ஏற்றி, இண்டோர் அவுட்டோர் இரண்டு பக்கமும் குழாய்களை இணைக்கும் பிளேர் நட்டுகளில் சோப்பு நுரை தடவினேன். குமிழி இல்லை. எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை. கேஸ் கசிகிற இடத்தில் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து கசியும் என்பதால் அது நல்ல அடையாளம். வால்வை மூடி, கேஜை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன். மாலை ஐந்து மணி, 36 டிகிரி.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனால் டீச்சர் கவலையோடு வாசலிலேயே நிற்கிறார். "தம்பி, முள்ளு 391ல நிக்குது. ஒன்பது குறைஞ்சிருக்கு. லீக்கா?" இப்போது என்ன டிகிரி என்று தெர்மாமீட்டரைப் பார்க்கச் சொன்னேன். 29. "கெல்வின்ல போட்டுப் பாருங்க டீச்சர்." நோட்டின் பின்னட்டையில் போட்டார். 309 கெல்வின் 302 ஆகியிருக்கிறது. கேஜ் காட்டும் 400உடன் வெளிக்காற்றின் 14.7ஐக் கூட்டி, 302ஆல் பெருக்கி, 309ஆல் வகுத்து, மறுபடி 14.7ஐக் கழித்தால் 390.6. பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் பால்கனியில் வந்து நின்றதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். குறைந்தது குளிர்ந்ததால்தான். ஒரு சொட்டு லீக் இல்லை.

அப்புறம் வேக்குவம் பம்பை முக்கால் மணி நேரம் ஓட்டி 500 மைக்ரானுக்குக் கீழே (உள்ளே காற்று ஏறக்குறைய இல்லாத நிலை) கொண்டுவந்தேன். இதைச் சம்பிரதாயம் என்று சிலர் தவிர்ப்பதுண்டு. ஹோஸ் பைப்பில் இருந்த காற்றை வெளியேற்றாமல் டாப்-அப் செய்தால் அந்தக் காற்றும் உள்ளே போகும். காற்று திரவமாகாது, அவுட்டோர் காயிலில் சும்மா உட்கார்ந்து பிரஷரை ஏற்றிக்கொண்டே இருக்கும். அதோடு போகும் ஈரம் ஆயிலைக் கெடுக்கும். பழைய கேஸில் அப்படி என்ன கலந்திருந்ததோ என்பதால் அதைத் திரும்பப் போடவில்லை. புதிதாக 800 கிராம், தராசில் வைத்து.

கதவை என்ன செய்வது?

உண்மையான வேலை இங்கேதான். கேஸைச் சரிசெய்துவிட்டு அதே கதவைச் சாத்தினால் நானும் நான்காவது ஆளாகிவிடுவேன். சாருக்குக் கதவை எடுக்க மனசில்லை. 11,500 ரூபாய் போட்டது, புறா வரும், மழை வரும். மழையைப் பற்றிப் பயம் வேண்டாம், அவுட்டோர் யூனிட் மழையில் நிற்பதற்கென்றே செய்தது என்றேன். அதற்குக் கூரையும் வேண்டாம், கவரும் வேண்டாம். முன்பக்கம் காற்று தடையில்லாமல் ஓட வேண்டும், பின்பக்கமும் ஓரமும் மூச்சு விட இடம் வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் இரண்டு பேருக்கும் ஒத்துவந்தது இது. லூவரைப் பாதியாக வெட்டி, வாஷிங் மெஷின் பக்கம் மட்டும் மேல்பாதியில் விட்டோம். மீதி முழுக்க ஓர் அங்குலச் சதுர ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலை. யூனிட்டைப் புது ஆங்கிள் ஸ்டாண்டில் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கி, முன்னால் நகர்த்தி, ஃபேன் முகத்தை வலையோடு ஒட்டி நிறுத்தினேன். பின்னால் சுருட்டிவிட்டிருந்த செம்புக் குழாயே நீளம் போதுமாயிற்று, ஒட்டு வேலை வரவில்லை. அனல் வெளியே போகும் பக்கத்துக்கும் காற்று உள்ளே வரும் பக்கத்துக்கும் நடுவில் ஓர் அலுமினியத் தகடு, மறுபடி கலந்துவிடாமல் இருக்க. தகடு, வலை, ஸ்டாண்ட், கூலி எல்லாம் சேர்த்து ஒரு தடவை கேஸ் போடும் செலவைவிடக் கொஞ்சம்தான் கூட.

அன்று பிற்பகல் மூன்று மணி அளவு: வெளியே 37, அவுட்டோருக்குள் நுழைவது 38.5. சக்‌ஷன் 128 பிஎஸ்ஐ. இண்டோருக்குள் போவது 27, வருவது 14. தொடக்கத்தில் 6.9 ஆம்ப்ஸ் இழுத்தது, அறை 26க்கு வந்த பிறகு 3க்கு இறங்கி நிதானமாக ஓடியது. 

ரிமோட்டை வாங்கிப் பார்த்தேன். 18ல் இருந்தது. ஒரு வருஷமாக அப்படித்தானாம், சீக்கிரம் குளிரட்டும் என்று. ரிமோட்டில் வைப்பது எங்கே நிறுத்த வேண்டும் என்ற எண். 31 டிகிரி அறையில் 18 வைத்தாலும் 25 வைத்தாலும் மெஷின் தன்னால் முடிந்த அதே வேகத்தில்தான் தொடங்கும். 2020 முதல் இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு உள்ள ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆன் ஆகி வர வேண்டும் என்று விதியே இருக்கிறது. 26ல் வைத்து, மேலே ஃபேனைக் குறைந்த வேகத்தில் போடச் சொன்னேன்.

மேல்தளம் என்பதால் ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணி வரை சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். மொட்டை மாடியில் வெள்ளை கூலிங் பெயின்ட் அடித்தால் மெஷினின் சுமை நன்றாகக் குறையும். அது குடியிருப்புச் சங்கத்தில் பேச வேண்டிய விஷயம், இன்னும் நடக்கவில்லை.

அதன் பிறகு

ஜூலை, ஆகஸ்ட் மின் கணக்கு வந்ததும் டீச்சர் போன் செய்தார். இரண்டு மாதத்துக்கு 450 யூனிட். அதற்கு முந்தைய கோடைக் கணக்கு 610, 2023ல் அதே பருவத்தில் 640. ஆடி, ஆவணி மாதங்களில் வெயிலும் கொஞ்சம் தணிந்திருக்கும், முழுக் குறைவையும் கதவின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் பாதி வேகத்தில் ராத்திரி முழுக்க நிற்காமல் ஓடியது இப்போது அறையைக் குளிர்வித்துவிட்டு அடங்குகிறது. நம் ஊரில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே வேறு என்பதால் ரூபாயில் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

2025 ஏப்ரலில் வழக்கமான சர்வீஸுக்குப் போனேன். ஃபில்டர் கழுவி, இரண்டு காயிலையும் தண்ணீர் பீய்ச்சிச் சுத்தம் செய்ததோடு சரி. கேஜை மாட்டவே இல்லை. மாட்டுகிற ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கேஸ் வெளியே போகும், அவசியம் இல்லாமல் வால்வைத் தொடக்கூடாது. இண்டோருக்குள் போவது 28, வருவது 15. வித்தியாசம் 13, வைத்துவிட்டு வந்த அதே எண்.

வலையில் புறா உட்காருகிறது, ஆனால் உள்ளே வர முடியவில்லை என்றார் சார். வாளி முக்கால் நிறைந்திருந்தது.

அதே வரிசையில் கீழே மூன்று வீடுகளில் அதே அலுமினிய லூவர் கதவு இருக்கிறது. சார் போட்டதைப் பார்த்துப் போட்டது. டீச்சரே நோட்டை எடுத்துக்கொண்டு என்னைக் கீழே கூட்டிப்போனார். இரண்டாவது மாடியில் அன்றே கதவை எடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாவது மாடியில் யோசிக்கிறோம் என்றார்கள். முதல் மாடியில் பெல் அடித்தபோது, கேஸ் போட ஆள் வந்து போய் இரண்டு நாள்தான் ஆகிறது, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லூவர் கதவு சாத்தியிருந்தது.